சராசரிக்கு மேல் பத்து வருஷம்

ராயபுரத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கின் மாடியில் தலைமுறை நியாயக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. நான் அதில் டைப்பிஸ்ட். தற்காலிக டைப்பிஸ்ட் என்று சொல்லவேண்டும். எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை என்னை வேலையிலிருந்து நீக்கி, ஒரு நாள் வீட்டில் உட்காரவைத்து, மறுநாள் புதிதாக நியமிப்பார்கள். தொண்ணூறு நாள் தொடர்ந்து டைப் அடித்தால் நான் நிரந்தரமாகிவிடுவேனாம். நிரந்தரமானால் பிற்காலத்தில் பென்ஷன் கேட்பேனாம். நான் பென்ஷன் கேட்டால் வருங்காலச் சந்ததி நடுத்தெருவில் நிற்குமாம். இந்தக் காரணத்தால் என்னைப் பதினைந்து முறை நீக்கிப் பதினாறு முறை நியமித்திருந்தார்கள். வருங்காலச் சந்ததி அதுவரை சௌக்கியமாகவே இருந்தது.

கமிட்டி பிறந்த கதை சின்னது. துறைமுக மிதவை இலாகா என்று ஓர் இலாகா. கப்பல்களைக் கட்டிப்போடுகிற இரும்பு மிதவைகளைக் கடலிலிருந்து தூக்கி, சிப்பியைச் சுரண்டி, தார் பூசித் திரும்ப இறக்குவது அதன் வேலை. தூக்குவது, சுரண்டுவது, பூசுவது, இறக்குவது எல்லாம் லாஸ்கர்கள் செய்வார்கள். மற்றவற்றை இலாகா செய்யும். லாஸ்கருக்கு ஐம்பத்தைந்து வயதானால் மாதம் ஒன்பதரை ரூபாய் பென்ஷன். சுதந்திரம் வந்த இரண்டாம் வருஷம் யாரோ ஒரு புத்திசாலி கணக்குப் பார்த்து, இன்றைய கிழவனுக்குக் கொடுக்கிற ஒன்பதரை ரூபாய் நாளைய குழந்தையின் தலையில் விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். ஆறு மாதத்தில் அறிக்கை தரச்சொல்லி கமிட்டி போட்டார்கள். இப்போது ஐம்பத்து மூன்று. நான்கு வருஷ உழைப்பில், அறிக்கையின் அட்டை பச்சை நிறமாக இருக்கவேண்டும் என்பதில் ஒருமித்த கருத்து ஏற்பட்டிருந்தது.

தலைவர் திருமலை பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. முதல் தேதி அவருடைய பென்ஷன் வரும். இரண்டாம் தேதி கமிட்டிச் சம்பளம். மூன்றாம் தேதி, மயிலாப்பூரிலிருந்து ராயபுரம் வந்து போவதற்கான படி. நான்காம் தேதியிலிருந்து நாட்டின் நிதி நிலைமையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிப்பார்.

இன்னொரு அங்கத்தினர் ராமசுப்பு. சாத்தான்குளத்துக்காரர், கொத்தவால் சாவடியில் அப்பாவுக்கு வெல்ல மண்டி, இவர் மட்டும் வக்கீலுக்குப் படித்தார். 'இன்னும் பிறக்காத தலைமுறையின் பிரதிநிதி' என்று அவரை நியமித்திருந்தார்கள். கி.பி. இரண்டாயிரம் வரை இந்த ராஜ்யத்தில் பிறக்கப்போகிற எல்லாருக்கும் அவர்தான் வக்கீல். கட்சிக்காரன் யாரும் வாசலில் வந்து நின்று கழுத்தை அறுப்பதில்லை என்பதால் அவர் நல்ல உடம்போடு இருந்தார்.

ஹெட்கிளார்க் ஸ்டானிஸ்லாஸ். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். இன்னும் நான்கு மாதத்தில் அவருக்கு ஓய்வு. "நான் ரிட்டையர் ஆனதும்" என்று தொடங்காமல் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. ஓய்வுக்கென்று கோடுபோட்ட கித்தான் மாட்டிய சாய்வு நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாங்கி, ரெக்கார்டு ரூமில் மூலையில் சாத்தி வைத்திருந்தார். மத்தியானத்தில் போய் அதைத் தூசி தட்டுவார். உட்காரமாட்டார். உட்காருவதற்குத் தேதி இருக்கிறது என்பார்.

கமிட்டி அறையின் சுவரில் இரண்டு பொருள்கள் தொங்கின. ஒன்று ஆயுள் அட்டவணை. ஓய்வு பெற்றபின் எந்த ஊழியன் எத்தனை வருஷம் உயிரோடு இருப்பான் என்கிற சராசரி அதில் எழுதியிருக்கும். லாஸ்கர் நான்கு வருஷம். பியூன் ஆறு. குமாஸ்தா ஒன்பது. அதிகாரி என்ற இடத்தில் ஒரு கோடு. கீழே பொடி எழுத்தில், 'அதிகாரிகள் இதுவரை போதிய அளவில் காலமாகாததால் புள்ளிவிவரம் கிடைக்கவில்லை' என்று ஒரு குறிப்பு.

இன்னொன்று ஒரு போட்டோ. மாலை போட்டிருக்கும். முறுக்கு மீசையும் கூச்சமுமாக ஒரு லாஸ்கர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார். பெயர் வேலப்பன். ஓய்வு பெற்ற அன்று இலாகா சார்பில் எடுத்த படம் அது. படம் கழுவி வருவதற்குள், நான்காம் நாளே, அவர் இறந்துபோனார். 'முன்மாதிரிப் பென்ஷன்தாரர்' என்று படத்தின் கீழே நான்தான் டைப் அடித்து ஒட்டினேன்.

அடுத்து ஒரு கடிதம். அதையும் நான்தான் அடித்தேன். லாஸ்கர் நீலமேகம், ஓய்வு பெற்றது 1939, சராசரியை மீறிப் பத்து ஆண்டுகள் வாழ்ந்து வருவது கமிட்டியின் கவனத்துக்கு வந்திருக்கிறது. இதற்கான விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் நேரில் தரவேண்டும். அதுவரை பென்ஷன் நிறுத்திவைக்கப்படுகிறது. கடைசி வரியில், 'காலமாகியிருந்தால் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று ஸ்டானிஸ்லாஸ் சொந்தக் கையால் சேர்த்தார். அவர் இரக்க குணமுள்ளவர்.

ஒன்பதாம் நாள் ஆள் வந்துவிட்டார். நல்ல உயரம், கறுத்துச் சுருங்கின தேகம், தோளில் ஒரு துண்டு. கடிதத்தை மேஜைமேல் வைத்து, அது பறந்துவிடாமல் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சாரு, இது இன்னான்னு தெர்ல. எங்க தெருவுல படிச்ச புள்ள ஒண்ணு கீது. நீ ஏன் இன்னும் சாவலன்னு சர்க்கார்ல கேக்குறாங்கன்னு சொல்லுது. சரி, அது சின்னப் புள்ள, இன்னா தெரியும்னு மாதாகோயில் வாத்தியாராண்ட குட்த்தேன். அவரும் அத்தயேதான் சொல்றாரு."

"சே, சே. அப்படிக் கொச்சையாகச் சொல்லக்கூடாது" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "ஆயுள் மிகுதிக்கு விளக்கம் கேட்டிருக்கிறோம்."

"அப்டின்னா?"

"நீ ஏன் இன்னும் சாகவில்லை என்று."

நீலமேகம் கொஞ்ச நேரம் யோசித்தார். கேள்வி நியாயமானதோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது. "தெர்லயே சாரு. சொம்மா தான் கீறேன்" என்றார்.

அதற்கென்று ஒரு படிவம் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் கேட்டுக் கேட்டுப் பூர்த்தி செய்தார். கடைசியாக டாக்டரிடம் போனது எப்போது?

"போனதே இல்ல சாரு. துட்டுக்கு எங்க போறது?"

'காரணம்: சிகிச்சை இன்மை' என்று எழுதிக்கொண்டார். தகப்பனார் எத்தனை வயது வரை இருந்தார்?

"முகத்துவாரக்குப்பத்துல தொண்ணூறு வரிக்கும் வலை இஸ்துகினு இருந்தாரு."

'பரம்பரையாகவே இப்பழக்கம் உண்டு' என்று எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டுச் சுவரைக் காட்டினார். "அவரைப் பார்த்தாயா? அவரும் லாஸ்கர்தான். இலாகாவுக்குத் துளி கஷ்டம் கொடுத்தாரா?"

நீலமேகம் எழுந்து போட்டோவுக்குப் பக்கத்தில் போனார். "அட, நம்ம வேலப்பன்! ஒரே செட்டு சாரு நாங்க. ஒரே கவுறு. எனக்கு முன்னால நிப்பான்." மாலையைத் தொட்டுப் பார்த்தார். "இவன எதுக்கு இங்க மாட்டி வெச்சிகினு கீறீங்க?"

"எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ள."

கிழவர் திரும்பி வந்து உட்கார்ந்து, பென்ஷன் எப்போது திரும்ப வரும் என்று கேட்டார். விசாரணை முடியட்டும் என்றார் ஸ்டானிஸ்லாஸ். அப்போதுதான் அந்த மனிதர் பயந்ததைப் பார்த்தேன். அதுவரை அவருக்கு இது ஒரு பேஜாராகத்தான் இருந்தது.

"எனக்கு ஒரு புள்ள கீறான் சாரு, சின்னப்பையன். அவனும் இதே மெதவ ஆபீஸ்ல தான் லாஸ்கரு. கொருக்குப்பேட்டைல ரயிலு ரோட்டாண்ட ஒரே ரூமு, ஆறு உசிரு. வூட்டுக்கு வந்துடு நைனான்னு மாசா மாசம் கூப்டுவான். தங்கமான புள்ள. ஆனா அவன் கைய பாத்துகினு குந்திகினு இருக்க என்னால முடியாது. அவன் துட்டுல பொகையில வாங்கிப் போட்டா தொண்டையில எறங்காது சாரு. அந்த ஒம்பதரை ரூபா இருந்தா நான் யாருகிட்டயும் கை நீட்ட வேணாம். அவ்ளோதான்."

இதற்குப் படிவத்தில் இடம் இல்லை. ஸ்டானிஸ்லாஸ் மெனக்கெட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

விசாரணை என்றால் வாதி வேண்டும். பிறக்காத தலைமுறைக்கு ராமசுப்பு இருக்கிறார். பிறந்துவிட்ட தலைமுறைக்கு ஒருவர் வேண்டுமே? இலாகா பட்டியலை எடுத்துத் தேடி, எல்லாத் தகுதியும் உள்ள ஓர் ஊழியனைக் கண்டுபிடித்தார்கள். லாஸ்கர் சின்னப்பையன், வயது முப்பத்தெட்டு, மேற்படி நீலமேகத்தின் மகன். தகப்பன்மேல் புகார் கொடுக்க வரும்படி அவனுக்கு உத்தரவு போயிற்று. மறுத்தால் கீழ்ப்படியாமை, ஒரு வாரச் சம்பளம் போய்விடும். புகாரை அவனுக்குச் சிரமம் இல்லாமல் முன்னாலேயே நான் அடித்துவைத்தேன்.

நீலமேகத்துக்குப் போன நோட்டீஸில், 'தங்கள் தரப்பினருடன் ஆஜராகவும்' என்று ஒரு வரி உண்டு. எல்லா நோட்டீஸிலும் உள்ள வரிதான். இதுவரை எவனும் அதை நம்பி யாரையும் அழைத்து வந்ததில்லை.

விசாரணை நாள் காலையில் மாடிப்படி முழுக்க ஜனம். நீலமேகத்தின் தரப்பு வந்திருந்தது. அவருடைய செட்டில் பதினொரு பேர். சங்கிலி இழுக்கிற வேலைக்கு அந்தக் காலத்தில் தனி ஆள் என்று கிடையாது; கூலியையும் செட்டுக்கென்று மொத்தமாகத்தான் கொடுப்பார்கள்; கயிற்றில் கைவைத்த எல்லாருக்கும் சமப் பங்கு. முன்னால் நின்று மூச்சுப் பிடிக்கிறவனுக்கும் அதே பங்கு, காய்ச்சலோடு வந்து கடைசியில் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் அதே பங்கு. புது ஆள் சேர்ந்தால் கயிற்றின் வாலைப் பிடித்து நிற்பான். அந்த நிமிஷத்திலிருந்து அவனும் செட்டு. இப்படி முப்பது வருஷம் இழுத்த மனிதருக்குக் கடிதம் போனால், அது தனக்கு மட்டும் வந்தது என்று எப்படித் தோன்றும்? செட்டுக்கு வந்ததாகவே நினைத்துக்கொண்டார். மற்றப் பத்துப் பேரும் செத்துவிட்டபடியால் அவரவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆறு பெண்டாட்டிகள், இரண்டு பிள்ளைகள், ஒரு மருமகன். ஒருவருக்கு யாருமே இல்லை. அவருடைய துடுப்பு வந்திருந்தது.

வாதியும் பிரதிவாதியும் படியில் உட்கார்ந்து ஒரே தூக்கிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மணி பதினொன்றுக்குக் கமிட்டி கூடியது. தலைவர் திருமலை எழுந்து முன்னுரை சொன்னார்.

"இது தியாகத்தின் காலம். நானே அதை என் வாழ்க்கையில் கடைப்பிடிக்கிறேன். எனக்கு மூன்று மின்விசிறிக்கு அனுமதி உண்டு. இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். வேலை செய்யும் வயது கடந்த ஒருவர் அரசாங்கப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எத்தகைய அநியாயம் என்பதை என்னைவிட அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. இதை நான் எட்டு வருஷமாகச் சிந்தித்து வருகிறேன். பென்ஷன் என்பது உழைத்தவனுக்கு அல்ல, உரியவனுக்கு. யார் உரியவர்? அதைத் தீர்மானிக்கிறவர்களே உரியவர்கள். இல்லாவிட்டால் அவர்கள் எப்படி மன அமைதியோடு தீர்மானிக்க முடியும்?"

இவ்வளவு பேசியதில் களைத்து உட்கார்ந்தார். பியூன் அரசாங்கச் செலவில் இரண்டு இட்லி கொண்டுவந்து வைத்தான்.

அடுத்து ராமசுப்பு. கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நீலமேகத்தைப் பார்த்து விரலை நீட்டினார்.

"என் கட்சிக்காரங்க கோடிக்கணக்கான பேரு. அவங்க இங்க வர முடியாத நிலைமைல இருக்காங்க. காரணம் என்ன? இன்னும் பிறக்கலை. ஏன் பிறக்கலை? பயம்! இந்த மாதிரி ஆளுங்களுக்கு நாம பணம் கட்டணுமேன்னு நினைச்சு, பிறக்கலாமா வேண்டாமான்னு தயங்கிக்கிட்டு இருக்காங்க. நான் அவங்க சார்பா சொல்லுதேன். ஒருத்தர் நாலு வருஷத்துல முடிக்கவேண்டியதைப் பதினாலு வருஷமா இழுத்தடிச்சா, அது கைக்குழந்தை வாயிலேருந்து பாலைப் பிடுங்குறதுக்குச் சமானம்."

"புள்ள அழுவுது சாரு" என்றார் நீலமேகம். பின்வரிசையில் யாருடைய பேரக்குழந்தையோ உண்மையாகவே அழுதுகொண்டிருந்தது. ராமசுப்பு அதைத் தம் கட்சிக்கு ஆதரவான சாட்சியமாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறந்துவிட்ட குழந்தை அவருடைய அதிகார வரம்பில் வராது என்று ஸ்டானிஸ்லாஸ் நினைவூட்டினார்.

சின்னப்பையனைக் கூப்பிட்டார்கள். நான் அடித்துக் கொடுத்த புகாரை அவன் மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தான். வியர்வையில் எழுத்து அழிந்துவிட்டிருந்தது.

"உன் தகப்பன் உன் பங்கைச் சாப்பிடுகிறானா, இல்லையா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். இப்பக்கூட மீன் தலைய எனக்கே வெச்சிட்டாரு."

"நான் கேட்பது பென்ஷன். அவர் வாங்குவதால் நாளைக்கு உனக்கு இல்லாமல் போகும். அது உனக்குப் புரிகிறதா?"

சின்னப்பையன் தகப்பனைப் பார்த்தான். "நீ இன்னா நைனா சொல்ற?"

"அவுரு எய்திக் குட்த்ததச் சொல்லிட்டுப் போடா. ஒரு வாரச் சம்பளம் பூடும்."

"எய்த்து தெர்ல நைனா."

"அப்ப நீயா எத்தனா சொல்லு. நல்லா திட்டு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

சின்னப்பையன் வெகுநேரம் முயற்சி செய்தான். கடைசியில், "இந்த ஆளு சொன்ன பேச்சே கேக்க மாட்டாரு சார், வூட்டுக்கு வான்னா வர மாட்டாரு" என்றான். சொல்லிவிட்டு அழுதுவிட்டான். புகார் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பிரதிவாதி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று வழக்கப்படி கேட்டார்கள். நீலமேகம் முந்தைய இரவு முடிந்து வைத்திருந்த ஒரு தேங்காய்நார்க் கயிற்றைத் துண்டிலிருந்து எடுத்து மேஜைமேல் போட்டார். செட்டில் அவர்கள் இப்படித்தான் எத்தனை மிதவை தூக்கினோம் என்று முடிச்சுப் போட்டுவைப்பது வழக்கம். இதில் ஆளுக்கு ஆள் நடுவே ஒரு துணிக் கந்தல். பென்ஷன் வாங்கின வருஷத்துக்கு ஒரு முடிச்சு.

"சாரு, எனக்கு எய்தப் படிக்கத் தெரியாது. நாலு வருசம்னு நீங்க தான் சொல்றீங்க. நாங்க பதினோரு பேரு. அப்ப செட்டுக்கு நாப்பத்தி நாலு, சரியா?"

ஸ்டானிஸ்லாஸ் தன்னை அறியாமல் தலையை ஆட்டினார்.

"இப்ப எண்ணிப் பாருங்க. ரெண்டு பேரு சங்கிலி அறுந்து அங்கியே பூட்டானுங்க. பென்சனே வாங்கல. முடிச்சு கெடையாது. இவன் ஒரு வருசம். இவன் மூணு. இவனுக்கு நெஞ்சு நோவு, ரெண்டு." விரல் கயிற்றின்மேல் ஊர்ந்துகொண்டே போயிற்று. ஒவ்வொரு கந்தலுக்கும் அந்தந்த வீட்டு ஆள் எழுந்து நின்றார். துடுப்பை யாரோ நிமிர்த்திப் பிடித்தார்கள். "இது வேலப்பன். நாலு நாளு. அதுக்கு முடிச்சு போட முடியாது, சொம்மா நூல சுத்திக்கீறேன். அல்லாரும் சேந்து இருபத்தியோரு வருசம், நாலு நாளு. என்துது பதினாலு. ஆக முப்பத்தஞ்சு. நாப்பத்தி நாலுல முப்பத்தஞ்சு போனா?"

தலைவர் கையில் இட்லி அப்படியே இருந்தது.

"ஒம்பது வருசம், நாலு நாளு கம்மி" என்றார் நீலமேகம். "நான் யாரு பங்கையும் துன்னல சாரு. அவுனுங்க வுட்டுட்டுப் போனத்தான் துன்னுகினு கீறேன். அதுலியும் பாக்கி கீது. அந்த ஒம்பது வருசத்த யாரு துன்னாங்க?"

எனக்கு எழுந்து நின்று கைதட்டவேண்டும்போல் இருந்தது. தற்காலிக ஊழியன் கைதட்டலாமா என்று விதிகளில் தெளிவில்லை. அதற்குள் ஒரு பெண் பின்வரிசையிலிருந்து எழுந்து சுவரண்டை போனாள். வேலப்பனின் பெண்டாட்டி முத்தம்மா. காசிமேட்டில் கருவாடு விற்கிறவள், கூடையோடு வந்திருந்தாள்.

"இது எப்ப புட்ச்ச போட்டா?" என்றாள். "எங்க வூட்ல அந்தாளு போட்டா ஒண்ணுகூட இல்ல. மொகமே மறந்துகினு வருது. இத்த நான் எட்த்துக்கட்டா?"

"அது கமிட்டியின் சொத்து, அம்மா" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "ரிஜிஸ்தரில் ஏறியிருக்கிறது. மேஜை நான்கு, நாற்காலி பன்னிரண்டு, வேலப்பன் ஒன்று."

கமிட்டி மூன்று வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கூட்டம் கலைந்து போனபிறகு பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படியில் கருவாட்டு வாடை வீசியது. ஸ்டானிஸ்லாஸ் ரிஜிஸ்தரை எடுத்து, வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'வேலப்பன்: கரையான் அரித்தது' என்று எழுதினார். நான் அவரை அன்றுதான் முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தேன்.

அந்த மூன்று வாரமும் அவர் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். கயிறு சொன்னது சரி. ஒரு முடிச்சுகூடத் தப்பில்லை. அந்தச் செட்டு மட்டுமல்ல, எந்தச் செட்டை எடுத்தாலும் லாஸ்கர்கள் கணக்குக்கு முன்னாலேயே செத்திருந்தார்கள். அப்படி அவர்கள் வாழாமல் விட்ட வருஷங்களின் பென்ஷன் தொகை 'மிகுதி' என்ற தலைப்பில் சேர்ந்து, நான்கு வருஷத்துக்கு முன் ஓர் உத்தரவின்படி ஒரே இடத்துக்குப் போயிருந்தது. எங்கள் கமிட்டிக்கு. தலைவரின் மயிலாப்பூர்ப் படி, ராமசுப்புவின் கட்டணம், இரண்டு மின்விசிறி, இட்லி, என் பதினாறு நியமனங்கள் எல்லாம் அதில்தான் நடந்துகொண்டிருந்தன. நானும் கொஞ்சம் தின்றிருக்கிறேன்.

தீர்ப்பை முதல் நாள் சாயங்காலம் தலைவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மூன்றாம் பிரிவை அடிக்கும்போது கை நின்றுவிட்டது. ஸ்டானிஸ்லாஸ் அப்போது ரெக்கார்டு ரூமில் நாற்காலியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் அதே கூட்டம். தீர்ப்பை ஹெட்கிளார்க் படிக்கவேண்டும் என்பது முறை. ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கம்பீரமாக ஆரம்பித்தார்.

"ஒன்று. லாஸ்கர் நீலமேகம் தொடர்ந்து உயிர் வாழ்வதைக் கமிட்டி பெருந்தன்மையுடன் மன்னிக்கிறது. அவர் பென்ஷன் நிலுவையுடன் வழங்கப்படும்."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. நீலமேகம் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இரண்டு. மேற்படி செட்டாரால் வாழப்படாத ஒன்பது ஆண்டுகளில் நான்கு நாள் குறைந்த காலம், பொது நன்மைக்காக ஏற்கெனவே செலவழிக்கப்பட்டுவிட்டது. அதைத் திரும்ப வாழ்வதற்கு வழியில்லை.

"மூன்று. இத்தகைய குழப்பங்கள் எல்லாம் பென்ஷன் என்ற ஒன்று இருப்பதால்தான் உண்டாகின்றன. ஆகவே, இன்றைய தேதியில் ஓய்வு பெற்றிராத லாஸ்கர், பியூன், குமாஸ்தா..."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் டைப் மிஷினைப் பார்த்துக்கொண்டேன்.

"...குமாஸ்தா ஆகியோருக்கு இனி பென்ஷன் கிடையாது. ஓய்வு பெறும் நாளில் நன்றிப் பத்திரம் ஒன்று அச்சிட்டு வழங்கப்படும். அதிகாரிகளின் சராசரி தெரியாததால் அவர்களுக்கு இவ்வுத்தரவு பொருந்தாது."

முப்பத்தாறு வருஷப் பழக்கத்தில், கையெழுத்து, தேதி வரைக்கும் படித்து முடித்துத்தான் உட்கார்ந்தார்.

தலைவர் ராமசுப்புவுக்கு ரோஜா மாலை போட்டார். இனிப் பிறக்கும் குழந்தைகள் யாருக்கும் பென்ஷன் கட்டவேண்டியதில்லை; அவர்கள் தாராளமாகப் பிறக்கலாம்.

"அப்ப எனக்கு?" என்றான் சின்னப்பையன்.

"உமக்கு ஒண்ணுமில்லை" என்று ராமசுப்பு மாலையோடு அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "ஆனா உம்ம பேரனுக்கு உம்மால ஒரு தொந்தரவும் கிடையாது பாத்துக்கிடும்."

"எனக்கு வயசானா நான் யாருகிட்ட கை நீட்டுறது?"

"உம்ம மகன்கிட்டத்தான். குடும்பப் பாசம் வளரும்."

நீலமேகம் படியிறங்கியவர் பாதியில் நின்றுவிட்டார். பின்னால் வந்த செட்டும் நின்றது. அவர் முகத்தில் ஜெயித்த களை துளியும் இல்லை.

"உங்கைய பாத்துகினு குந்தக்கூடாதுன்னுதானே இம்மாம் தூரம் வந்தேன்" என்றார் மகனிடம். "இப்ப ஒன்ன இன்னொருத்தன் கைய பாக்க வெச்சிட்டேனே, படுபாவி."

"நீ இன்னா பண்ணுவ நைனா. கணக்கு சரியா சொன்ன. அதான் அவுனுங்களுக்குப் பொறுக்கல."

கிழவர் கயிற்றைத் துண்டிலிருந்து உருவினார். ஒரு முனையை முத்தம்மாவிடம் கொடுத்தார். அவள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பிடித்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். துடுப்பின்மேல் ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

"அந்த ஒம்பதரை ரூபா என் துட்டுன்னு நெனச்சிகினு இருந்தேன். மெய்யாலுமே அது செட்டுத் துட்டு. மாசா மாசம் அல்லாருக்கும் பங்கு. சின்னப்பையா, நீயும் புடி. நாளைக்கு நான் போய்ட்டா, இருக்குறவன் இல்லாதவனுக்குக் குடுக்கணும். இன்னா, சரிதானே?"

ஒன்பதரை ரூபாயைத் துடுப்பையும் சேர்த்துப் பன்னிரண்டாகப் பங்கு போட்டால் ஆளுக்கு என்ன வரும் என்று நான் மனசுக்குள் பார்த்தேன். ஒரு ரூபாய்கூட வராது. அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. சின்னப்பையன் பிடித்துக்கொண்டான்.

மேலேயிருந்து மெதுவாகச் செருப்புச் சத்தம் வந்தது. ஸ்டானிஸ்லாஸ். கக்கத்தில் அந்தச் சாய்வு நாற்காலியை மடக்கி இடுக்கியிருந்தார். இரண்டு படி மேலேயே நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"செட்டில் இடம் இருக்கிறதா?" என்றார்.

நீலமேகம் திரும்பிப் பார்த்தார். "நீ கவுறு புட்ச்சிக்கீறியா சாரு?"

"இல்லை. பேனாதான் பிடித்திருக்கிறேன்."

"எத்தினி வருசம்?"

"முப்பத்தாறு."

கிழவர் படியேறிப் போய் அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நடுவிரலின் ஓரத்தில் பேனா அழுத்தி அழுத்தி ஒரு காய்ப்பு இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"காச்சிப் போய்த்தான் கீது" என்றார். "சரி, வந்து கடசியில நில்லு."

ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார். அன்று எனக்கு எண்பத்தொன்பதாவது நாள். மறுநாள் வேலை கிடையாது. நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். இன்னும் ஒரு சாண் கயிறு மீதி இருந்தது.